என் வீட்டில் வசிப்பவர்

வரிக் கந்தோரிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது அந்தக் கந்தோரின் மேல்தான். நான் பள்ளிக்கூட ஆசிரியை. சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைக் கழித்துக்கொள்கிறார்கள். போதாதென்று எல்லோரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தேன். வருடாந்தப் படிவமும் நிரப்ப வேண்டும் என்றார்கள். என் கணவர் தன் ஹாட்வெயார் கடையின் வரிக் கணக்கைப் பார்க்கும் ஆளிடமே என்னுடையதையும் ஒப்படைத்தார். இப்போது கடிதம் சொல்கிறது: சாய்ந்தமருதில் உங்கள் பெயரில் ஒரு வீடு பதிவாகியிருக்கிறது, அதன் முன்பகுதி ஒரு பாமசி மருந்துக் கடைக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, இரண்டையும் நீங்கள் காட்டவில்லை, இந்தப் பிழைக்கு விளக்கம் தரவும்.

நான் வீட்டை ஒளித்து வைத்தேனாம். பிரதான வீதியைப் பார்த்துக்கொண்டு, பாமசியின் பச்சைப் பெயர்ப்பலகையையும் மாட்டிக்கொண்டு நிற்கிற வீட்டை எந்த முந்தானைக்குள் ஒளிப்பது?

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கல்முனைக்குப் போனேன். கணக்குப் பார்ப்பவரின் அறை பசாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் இருக்கிறது. அவர் என் படிவத்தைத் திரையில் திறந்தார். அசையாச் சொத்து என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது.

"இது ஆரு எழுதின?" என்று கேட்டேன்.

"நான்தான் டீச்சர். ஹாட்வெயார் முதலாளி சொன்னபடிதான் எழுதின."

"அப்ப எண்ட வீடு எங்க?"

அவர் என் கணவரின் படிவத்தைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். அங்கே இருந்தது என் வீடு. முகவரி, பரப்பு, பாமசி வாடகை எல்லாம் ஒரு குறையுமில்லாமல் இருந்தன. உரிமையாளர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். என் வீடு என் அண்ணன், எங்கள் காக்கா, கட்டாரில் வெயில் குடித்து அனுப்பிய காசில் எழும்பியது. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறும்வரை அவர் தன் கலியாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. இன்று பாலமுனையில் தன் மனைவியின் வீட்டில் இருக்கிறார். அதைத் தன் வீடென்று அவர் எங்கேயும் எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. என் கணவர் ஒரு பெட்டி உடுப்போடு வந்தவர். சீமெந்து விற்கிறவர்தான், ஆனால் அவருடைய சீமெந்து ஒரு பைகூட அந்தச் சுவரில் இல்லை.

கணக்குப் பார்ப்பவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சிரித்தார். "சின்ன விசயம் டீச்சர். வீட்ட முதலாளிர பேருக்கு மாத்தி ஒரு உறுதிப் பத்திரம் முடிச்சிட்டாச் சரி. பிறகு பிரச்சினையே வராது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிழை விட்டது அவர்களுடைய படிவம், திருத்த வேண்டியது என்னுடைய உறுதியாம்! எனக்கு இருப்பது ஒரே மகள். வீடு என் கணவர் பெயருக்குப் போய், நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால், அவருடைய தம்பிமார் பங்கு கேட்டு வாசலில் நிற்பார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் எங்கள் முஸ்லிம் வாரிசுச் சட்டமும் அவர்கள் பக்கம்தான் நிற்கும். என் மகள் எங்கே நிற்பாள்?

கோபம் வந்தால் நான் அடுப்படிப் பக்கம் போவதில்லை. இரவு கடைப் பாண் ரொட்டியையும் பருப்பையும் கணவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"மச்சான், இந்த வீடு ஆர்ர?"

"என்ன கேள்வி இது? நம்மட வீடு."

"நம்மட எண்டு எழுதல்லியே. ஒங்கட எண்டல்லவா எழுதிரிக்கி."

"சொந்த வீடு இரிக்கா எண்டு அவன் கேட்டான், ஓம் எண்டன். அவ்வளவுதான் புள்ள. ஒரு வீட்டுக்குள்ள இரிந்துக்கிட்டு எண்ட, ஒண்ட எண்டு என்னத்துக்குப் பிரிச்சிப் பாக்குற?"

பிரித்துப் பார்க்காதே என்று சொல்கிறவர் எப்போதும் உறுதியில் பெயர் இல்லாதவர்தான்.

கடிதத்தை மறுபடி வாசித்தேன். 'உங்கள் பெயரில் ஒரு வீடு.' தெருவில் யாரைக் கேட்டாலும் ஹாட்வெயார் முதலாளியின் வீடு என்றுதான் சொல்வார்கள். பாமசிக்காரர் வாடகையை அவர் கையில்தான் கொடுப்பார். பகல் முழுக்க நான் திட்டித் தீர்த்த அந்தக் கந்தோர் ஒன்றுதான் அதை என் வீடென்று எழுதியிருந்தது. அதை நினைக்க எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் காக்காவின் கலியாணம், கட்டார் வெயில் எல்லாம் வந்துவிட்டன. கிழித்துவிட்டு, தேவையானதை மட்டும் எழுதினேன். வீடு என்னுடையது. வாடகையும் என்னுடையது. இரண்டும் தவறாக என் கணவரின் படிவத்தில் காட்டப்பட்டுள்ளன. இனி அதற்கான வரியை நானே கட்டுவேன். என் கணவர் என் வீட்டில் வசிப்பவர். அவர் இதை ஏற்றுக் கையெழுத்து வைக்கக் கீழே இடம் விட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "கடைசி வசனம் என்னத்துக்கு? அத அவங்க கேக்கல்லியே."

"விளக்கம் கேட்டாங்க. விளக்கிரிக்கன்."

"இத ஒரு மனிசன் பாத்தா என்ன நெனைப்பான்? நான் என்ன இஞ்ச வாடகைக்கா இரிக்கன்?"

"ஒங்களுக்கிட்ட வாடகை வாங்கியிருந்தா அதையும் எழுதியிருப்பன், மச்சான்."

அவர் பேனையை எடுத்தார். கையெழுத்தை வைத்தார். அடுத்த நாளே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மாதம் பிறந்ததும் பாமசிக்காரர் வழக்கம்போல வாசலுக்கு வந்து என் கணவரிடம் வாடகை உறையை நீட்டினார். அவர் பத்திரிகையிலிருந்து முகத்தை எடுக்காமல், என் பக்கம் கையைக் காட்டி, "வீடு அவட. அவட கையில குடுங்க" என்றார்.

இந்த ஒரு வசனத்தை அவர் வாயிலிருந்து எடுக்க ஒரு அரசாங்கக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது. என் கோபம் இன்னும் ஆறவில்லை. இந்த வீட்டை என் மகளுக்கு எழுதிக் கொடுக்கும் நாளில், சாட்சிக் கையெழுத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவேன்.