எந்த கேஸ்?

எங்கள் தெருவில் யாராவது ‘கேஸ்’ என்று சொன்னால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். காதை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். அடுப்பில் எரிவதும் அதுதான், வயிற்றில் உருள்வதும் அதுதான், கோர்ட்டில் வருஷக் கணக்காக இழுப்பதும் அதுதான். பிரசவத்துக்குப் போய்ப் படுத்தவளும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு கேஸ். கொஞ்சம் ஒரு மாதிரியாக நடந்துகொள்கிற ஆளைக்கூட ‘அது ஒரு கேஸுபா’ என்று ஒதுக்கிவிடுவார்கள். இங்கிலீஷில் இதற்கெல்லாம் இரண்டு வார்த்தைகள் உண்டாம். வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தும் எங்கள் நாக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டது.

என் வீட்டுக்காரருக்குத் தொழிலே கேஸ்தான். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்துக்கு கேஸ் கட்டிங் செய்கிறார். பழைய குழாய்களையும் இரும்புத் தகடுகளையும் நெருப்பால் அறுக்கிற வேலை. திருவொற்றியூரில் நாங்கள் இருக்கும் தெருவில் அவருக்குக் கேஸ்காரர் என்றே பெயர். புதிதாகக் குடிவந்த ஒருத்தி அவரைச் சிலிண்டர் போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு, “அண்ணே, எங்க வூட்டுக்கு எப்போ வரும்?” என்று கேட்டாள். இவரும் சிரிக்காமல், “நாளைக்கி வந்துரும்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் அவள் காலிச் சிலிண்டரை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான்தான் போய்ச் சமாதானம் சொன்னேன். அவருக்கு எல்லாம் விளையாட்டு, எனக்கு எல்லாம் பயம். கல்யாணமானதிலிருந்து எங்கள் வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது ஒரு மார்கழியில். விடிந்தும் விடியாத நேரம், எண்ணூர்த் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றோடு ஒரு நெடி வந்தது. கண்ணில் வெங்காயச் சாறு விழுந்த மாதிரி எரிச்சல். மூச்சை இழுத்தால் தொண்டை அடைத்தது. “கேஸு! கேஸு! ஓடுங்கோ!” என்று கத்திக்கொண்டே ஜனங்கள் ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடத் தெரியாமல் நானும் ஓடினேன். நெடி போய்விட்டது, பயம் போகவில்லை. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்களில் என் கொழுந்தனும் ஒருவன். ரோட்டை மறித்தார்கள் என்று அவர்கள் மேல் வழக்குப் பதிவானது. “கேஸு வந்துச்சின்னு குந்தினோம், அதுக்கு ஒரு கேஸு” என்று வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் சொல்வான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

நான் சொல்ல வந்தது போன கோடையில் நடந்ததை. ஒரு வாரமாகவே வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இன்னாய்யா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லமே, கேஸு” என்பார்.

எங்கள் பக்கத்தில் மனிதர்களுக்கு நெஞ்சுவலி என்பதே வராது. எது வந்தாலும் கேஸ்தான். கோலி சோடா குடி, ஓமத்தைக் கொதிக்க வை, முதுகில் தட்டு, ஒரு ஏப்பம் வந்தால் தீர்ந்தது. நானும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். அன்று காலையில் மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

“இன்னிக்கி ஒரு நாள் லீவு போடேன்யா” என்றேன்.

“கேஸுக்கெல்லாம் லீவு போட்டா கேஸ் கட்டிங்க யாரு உங்கப்பனா வந்து பண்ணுவாரு?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அவரோடு வேலை செய்கிறவர். பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணி, அண்ணன் வுழுந்துட்டாரு. கேஸு. இட்டுகினு போ…” என்றார். அதோடு கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

கேஸ் என்றால் மார்கழியில் வந்த அந்த கேஸ்தான், வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை. காலையில் படிக்கட்டில் அவர் நின்றது, ஒரு வாரமாக நெஞ்சைத் தடவியது, எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு ஓடிவந்து, “ஐயோ, கேஸு! எண்ணூர்ல கேஸு! எங்க வூட்டுக்காரரு வுழுந்துட்டாரு!” என்று கத்தினேன்.

எதிர்வீட்டு அக்கா ஓடிப்போய்த் தன் சிலிண்டரைத் திருகி மூடினாள். “யாரு வூட்ல லீக்கு?” என்றாள். “வூட்ல இல்ல, எண்ணூர்ல!” என்று மாடியிலிருந்து யாரோ பதில் சொன்னார்கள். அவ்வளவுதான். பக்கெட்டில் துண்டுகள் நனைந்தன. பைக்குகள் உறுமின. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் தெற்கே ராயபுரம் பக்கம் பார்த்துக் கிளம்பினார்கள். நான் மட்டும் எண்ணூர்ப் பக்கம் ஓடினேன். காலில் ஒன்று என் செருப்பு, இன்னொன்று அவருடையது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

ஆட்டோ ஸ்டாண்டில் கெஞ்சினேன். ஒருவர் கையை உதறினார்.

“அந்தாண்ட வரமாட்டேன் யக்கா. கேஸு லீக்காம்.”

“யாருய்யா சொன்னது?”

“ஊரே சொல்லிகினுகீது.”

அடுத்த வண்டிக்காரர் அதற்கு மேலே போனார். “லீக்கா? டேங்கே வெடிச்சிடுச்சாம். பொகை தெரியுதாமே, பாக்கல?”

பார்த்தேன். வடக்கே புகை தெரிந்தது. அது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் பார்க்கிற புகை. அன்றைக்கு அது புதிதாகக் கிளம்பியது போலத் தெரிந்தது. இனிமேல் சந்தேகமேயில்லை, ஊரே சொல்கிறதே என்று நினைத்தேன். என் வாயிலிருந்து கிளம்பிய சொல்தான் தெருவைச் சுற்றி, சாலையைத் தாண்டி, ஒரு டேங்கையும் சேர்த்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று உலையைக் கொதிக்க வைத்தவளே நான்தான்.

வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஓரமாகவே ஓடினேன். பாவி மனுஷா, போகாதே என்று சொன்னேனே என்று அவரைத் திட்டினேன். அடுத்த மூச்சில் அம்மனிடம், அவரை மட்டும் விட்டுவிடு தாயே என்று கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே இருமல் வந்தால்கூடச் சிரித்துக்கொண்டே இருமுகிறவர் அவர். அவர் எங்கேயோ தரையில் விழுந்து மூச்சுக்குத் தவிப்பதாக நினைக்க நினைக்க எனக்கே மூச்சு முட்டியது. நெடிகூட வந்தது. சத்தியமாக வந்தது. கண்கூட எரிந்தது.

மறுபடியும் போன்.

“எங்க அண்ணி கீறீங்கோ? நாங்க ராயபுரம் பெரியாஸ்பத்திரிக்கி வந்துட்டோம்.”

“உயிரோட கீறாரா?”

“கீறாரு, கீறாரு. பேசறாரு. நீங்க சீக்கிரம் வாங்கோ.”

அப்படியென்றால் அவரை ஏற்றிவந்த வண்டி என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறது. திரும்பினேன். இப்போது தெற்கே போகிற ஆட்டோ எல்லாம் நிரம்பி வழிந்தது, எல்லாம் என் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள். கடைசியில் ஒரு குடும்பம் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தது. அந்த அம்மா தன் ஈரத்துண்டின் ஒரு முனையை நீட்டி, “மூக்க மூடிக்கோ யக்கா” என்றாள். மூடிக்கொண்டேன். எங்கேயும் இல்லாத ஒரு கேஸுக்காக ஆறு பேர் ஒரே ஆட்டோவில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் காக்கிச் சட்டைக்காரர் தடுத்தார்.

“இன்னா கேஸும்மா?”

“கேஸுங்க.”

“அதான், இன்னா கேஸு?”

“கேஸ் கேஸுங்க!”

“இன்னாம்மா வெளாடுறியா? அடிதடி கேஸா, ஆக்ஸிடென்டா, தீக்காயமா?”

தீக்காயம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் செய்வது கட்டிங் வேலை, பக்கத்திலேயே சிலிண்டர் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. “அய்ய, அழாதம்மா, உள்ள போய்ப் பாரு” என்று காக்கிச் சட்டைக்காரர் வழிவிட்டார்.

உள்ளே இருமுகிறவர்களைத் தேடினேன். கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியவர்களைத் தேடினேன். உடம்பு வெந்தவர்களைப் பார்க்கப் பயந்துகொண்டே அவர்களையும் தேடினேன். ஒருவரும் இல்லை. ஒரு நர்ஸம்மாவிடம், “எண்ணூர் கேஸ்ல வந்தவங்கள எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. “எண்ணூர்ல கேஸா? எப்போ? எங்கம்மா அங்கதான் கீறாங்க” என்று போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டாள்.

கடைசிக் கட்டிலில் அவர் இருந்தார். சட்டை திறந்து கிடந்தது. நெஞ்சில் ஒயர்கள். முகத்தில் இரத்தமே இல்லை, சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் என் காலைப் பார்த்தார்.

“இன்னாமே, என் செருப்ப போட்டுகினு வந்துகீற?” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “பயப்படாத. கேஸுதான்.”

பக்கத்தில் நின்ற டாக்டரம்மா திரும்பினார். “கேஸ் இல்லம்மா. ஹார்ட் அட்டாக். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எங்க கையில இல்ல. ஒரு வாரமா வலி இருந்திருக்கே, ஏன் வரல?”

“கேஸுன்னு நெனச்சோம்” என்றேன்.

“எல்லாரும் இதையேதான் சொல்றீங்க” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார்.

ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நச்சுக்காற்று இல்லை, தீ இல்லை, அவர் முழுசாக இருக்கிறார். அடுத்த கணம் டாக்டரம்மா சொன்ன நோயின் பெயர் உள்ளே இறங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை கேஸுக்கும் பயந்தவள் நான். வீட்டுக்குள்ளேயே ஓமத் தண்ணீர் கொடுத்து வளர்த்த கேஸுக்கு மட்டும் பயப்படவில்லை.

இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தார். தெரு என்னை விடவில்லை. “நீ கத்துன கத்துல என் பருப்பு வேகாமலே போச்சிடி” என்று எதிர்வீட்டு அக்கா இன்னும் சொல்கிறாள். “வேகாத பருப்ப துன்னா உனக்கும் கேஸ் வரும், போ” என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். ஆனால் வீட்டுக்குள் ஒரு சட்டம் போட்டேன். அடுப்பில் இருப்பது சிலிண்டர். கொழுந்தனுடையது வழக்கு. தொழிற்சாலையில் வருவது நெடி. வயிற்றில் வருவது வாயு. நெஞ்சில் எது வந்தாலும் வலி என்றுதான் சொல்ல வேண்டும், கேஸ் என்ற சொல்லை எடுக்கக்கூடாது. அவரும் தலையாட்டினார்.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“இன்னாய்யா?”

“ஒண்ணுமில்லமே,” என்றார். “வாயு.”

பெயரை மாற்றிக் கொடுத்தால் பொய்யும் மாறிவிடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? செருப்பைப் போட்டேன், இந்த முறை இரண்டும் என்னுடையவை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் அவர் கையை நான் விடவே இல்லை.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். திரும்ப எடுத்தார்கள். அதே டாக்டரம்மாதான். காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“பயப்படாதீங்கம்மா. இது வெறும் கேஸ்தான்.”

“எந்த கேஸ் மேடம்?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். நான் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தேன்.