ஹோல்ஷைட்டின் ஒற்றைப் பச்சை வோட்டு

ஜேர்மனியின் ஆஹென் நகரில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மலைப்பாதையில் ஆட்டி அலைத்துக்கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஊர் ஹோல்ஷைட். அங்கே மாடுகள் கறுப்பு வெள்ளை, மனிதர்கள் தனிக் கறுப்பு. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை ஜேர்மன்காரர் கறுப்பு என்றுதான் சொல்வார்கள். சிவப்புக்கு, அதாவது சமூக ஜனநாயகக் கட்சிக்கு, கொஞ்சம் விழும்; அது எந்தெந்த வீட்டு வோட்டு என்பது ஊருக்கே தெரியும். பச்சைக் கட்சிக்கு மட்டும் மருந்துக்கும் ஒரு வோட்டு விழுந்ததில்லை. அதில் ஊருக்குப் பெருமை.

இன்னொரு பெருமையும் உண்டு. தேர்தல் அன்று இந்த ஊரில் ஒருவரும் வீட்டில் படுத்திருக்க ஏலாது. மத்தியானம் வரைக்கும் வராதவர்களைத் தீயணைப்புப் படையின் வான் போய் ஏற்றிவரும். கால் நோகுது, காய்ச்சல் காயுது என்று சொல்லிப் பயனில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இருபது வருசமாகக் குடியிருந்த ஒரே தமிழ்க் குடும்பம் ஜேசுரட்ணத்துடையது. இலங்கையின் பேசாலையில் பிறந்து, அகதியாக வந்து, பால் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தவர். அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று ஜேர்மன் குடியுரிமை. மற்றது ஊர்த் தீயணைப்புப் படையின் சீருடை. முதலாவது 2004இல் கிடைத்துவிட்டது. இரண்டாவதை அடுத்த வருசம் தேர்தல் முடிந்த வெள்ளிக்கிழமை படையினர் கூடிக் கை உயர்த்தி முடிவு செய்வதாக இருந்தது. படைக்குத் தலைவர் பக்கத்து வீட்டு ஹெர்மன் குறேமர். வோட்டுச் சாவடிக்கும் அவர்தான் பொறுப்பு. சின்ன ஊர் என்றால் ஒரு தலைக்கு நாலு தொப்பி.

தேர்தல் நாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஜேசுரட்ணம் ஜேர்மனியில் தன் முதல் வோட்டைப் போடப் போனார். எந்தக் கட்சி என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஊர் எதற்குப் போடுகிறதோ அதற்குத்தான். குழப்பம் உள்ளே போன பிறகுதான் வந்தது. இந்த நாட்டில் ஒரே தாளில் இரண்டு புள்ளடி, அதாவது இரண்டு பெருக்கல் குறி, போடவேண்டும்; ஒன்று ஆளுக்கு, மற்றது கட்சிக்கு. இலங்கையில் இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டால் வோட்டுக் குப்பைக்குப் போய்விடும். ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதைப் போடலாமா கூடாதா என்று வேர்த்து விறுவிறுத்து நின்றார். வெளியே வரிசை நீண்டது. கடைசியில் துணிந்து இரண்டையும் கறுப்புக்கே போட்டார். பெட்டியில் தாளைப் போட்டதும் பழக்கதோசத்தில், மை பூசுவதற்காக இடது சின்னிவிரலை ஹெர்மனிடம் நீட்டினார். ஹெர்மன் விரலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பிறகு மரியாதையாக அந்த விரலைப் பிடித்துக் குலுக்கினார்.

பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில், ஊரே நின்று பார்க்க வோட்டு எண்ணினார்கள். ஹெர்மன் முடிவை வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் செருமினார்.

"பச்சை, ஒன்று."

அத்தனை கழுத்தும் ஜேசுரட்ணத்தின் பக்கம் திரும்பியது. இவ்வளவு நேரம் உள்ளே நின்று இந்த மனுசன் என்ன செய்தார் என்பது இப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நாள் பேக்கரியில் பாண் விற்கிறவள் வழக்கமாகப் பேசும் வானிலையைக்கூடப் பேசாமல் பாணைச் சுற்றிக் கொடுத்தாள். ஜேசுரட்ணத்துக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஊரில் ஒருவனாக இருக்கவேண்டும் என்றே ஊர் போட்டதற்குப் போட்டவர் அவர்.

"நானில்லை எண்டு வீடு வீடாப் போய்ச் சொல்லட்டோ?" என்று மனைவி யோசப்பினிடம் கேட்டார்.

"போய்ச் சொல்லுங்கோ. கோட்டையும் போட்டுக்கொண்டு போங்கோ," என்றார் யோசப்பின்.

அன்று பின்னேரம் ஹெர்மனின் மனைவி இர்ம்கார்ட் பிளம்ஸ் கேக்கோடு கதவைத் தட்டினார். கேக்கை மேசையில் வைத்துவிட்டு உட்காராமலே நின்றார். ஜேர்மன் மொழியான டொச்சில் அவர் சொன்னது நம் பேச்சில் இதுதான்:

"அந்தப் பச்சை என்ரை. கன வருசமா ஆசை. ஆனா ஒண்டு விழுந்தால் எந்த வீடு எண்டு தேடுவினம். இந்த முறை நீங்கள் வந்தியள். எல்லாரும் உங்களைத்தான் பாப்பினம் எண்டு நினைச்சுப் போட்டன். மன்னியுங்கோ. ஹெர்மனிட்டைச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கோ, நான் மறுக்கமாட்டன்."

ஜேசுரட்ணம் கோபத்தில் கதிரையை விட்டு எழுந்தார். யோசப்பினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கத்தியை எடுத்துவந்து கேக்கை வெட்டினார்.

வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் பியர் போத்தலோடு உட்கார்ந்திருந்தார்கள். சீருடை கொழுவியில் தொங்கியது. அளவு ஜேசுரட்ணத்துடையதுதான், கண்ணாலேயே தெரிந்தது. ஹெர்மன் எழுந்து, "வோட்டு இரகசியம், நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை," என்று தொடங்கி, "அந்தப் பச்சை நீங்களோ?" என்று கேட்டுவிட்டார்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், சீருடை அவருக்கு. ஜேசுரட்ணம் ஹெர்மனின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. இவர் இல்லையென்றால் இனி ஊரில் ஒவ்வொரு வீடாக யோசிக்கவேண்டும். அதில் ஹெர்மனின் வீடும் ஒன்று.

"ஓம், நான்தான்," என்றார் ஜேசுரட்ணம்.

ஹெர்மன் பெருமூச்சு விட்டார். முதலில் உயர்ந்த கை அவருடையது. தலைவரின் கையைப் பார்த்து மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

நாலு வருசம் கழித்து அடுத்த தேர்தல் வந்தது. அதற்குள் யோசப்பினும் குடியுரிமை எடுத்திருந்தார். எதற்குப் போட்டாய் என்று ஜேசுரட்ணம் கேட்கவில்லை, யோசப்பின் சொல்லவும் இல்லை. ஜேசுரட்ணம் காலையிலேயே போன முறைபோலவே இரண்டு புள்ளடியையும் கறுப்புக்குப் போட்டுவிட்டு, சீருடையில் வானை எடுத்துக்கொண்டு படுத்திருந்தவர்களையெல்லாம் ஏற்றி இறக்கினார். பின்னேரம் மண்டபத்து வாசலில் காவலுக்கு நின்றார்.

"பச்சை," என்று வாசித்த ஹெர்மன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஏழு."

ஊர் முழுக்க ஜேசுரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் முன்னால் திரும்பியவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஜேசுரட்ணம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏழையும் தானே போட்டவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.