ஸ்கீவவில் ஓர் ஏழையைத் தேடியது

முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தது என் வாழ்நாளில் மிகக் குறைவு. கடையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, உப்பில்லாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். அப்படிப்பட்ட நான் பன்னிரண்டு வயதில், டென்மார்க்கில், ஒரு வெள்ளைக்காரரைத் தெருவில் நிறுத்தி, "நீங்கள் ஏழையா?" என்று கேட்டிருக்கிறேன். கேட்க வைத்தவர் என் வாப்பா.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு என் படிப்பு நின்றுபோனது. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டுக் கிளம்பி, எங்கெல்லாமோ நின்று, கடைசியில் ஸ்கீவ என்ற சின்ன ஊரில் வந்து இறங்கினோம். வாப்பா, உம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. உம்மாவின் தம்பியான மாமா எங்களுக்கு ஒரு வருடம் முன்பே அங்கே வந்திருந்தார். மேசை கதிரை செய்யும் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் பலகை தேய்க்கும் வேலை. கலியாணம் ஆகாதவர். ஊருக்கு வெளியே ஓர் அறையில் தனியாக இருந்தார்.

ஊரில் வேறு தமிழர்கள் என்றால் வேதக்காரர் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்தவப் பொடியன்கள் சிலரும் சைவக்காரக் குடும்பம் ஒன்றும்தான். முஸ்லிம்கள் என்றால் நாலைந்து துருக்கிக் குடும்பங்கள். அவர்கள் வேலைக்கென்று வந்து வெகுகாலம். எல்லாரிடமும் கார் இருந்தது. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையை வாடகைக்கு எடுத்துத் தொழுதார்கள்.

அந்த வருடம் நோன்பு கோடையில் வந்தது. டென்மார்க்கில் கோடைச் சூரியன் பத்து மணியானாலும் போக மனமில்லாமல் நிற்கும். உம்மா கஞ்சிப் பானையை மூடிவைத்துவிட்டு ஜன்னலடியில் நின்று, "இன்னும் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய், போவன்" என்று அதோடு சண்டை பிடிப்பார். மாமா தினமும் நோன்பு திறக்கச் சைக்கிளில் வந்துவிடுவார். மூன்று கோப்பை கஞ்சி குடிப்பார்.

"மெல்லக் குடி தம்பி, பானை எங்கயும் ஓடாது" என்பார் உம்மா.

"பானை ஓடாது ராத்தா. மச்சான்ட கண் ஓடி வருது, என்ர கோப்பைக்கு" என்று அக்காவுக்குப் பதில் சொல்வார் மாமா.

அவருடைய பெல்ட்டில் ஆணியால் குத்திய புதிய ஓட்டைகள் இரண்டு இருந்ததை நான் பார்த்தேன். நோன்பில் எல்லாரும் மெலிவதுதானே என்று நினைத்தேன்.

கடைசிப் பத்து நாள் வந்ததும் வாப்பாவுக்கு ஒரு கவலை பிடித்தது. பித்ரா கொடுக்க வேண்டும். நோன்பு முடிந்து பெருநாள் தொழுகைக்குப் போவதற்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும், இரு கையும் சேர்த்து நாலு அள்ளு அரிசி, இல்லாத ஒருவருக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பிடித்த நோன்பு மேலே ஏறாமல் நடுவானில் நின்றுவிடும் என்று உம்மா நம்பினார். இத்தனை நீளப் பகல்களில் பிடித்த நோன்பு வீணாய் நடுவானில் நிற்பதை யாரால் பொறுக்க முடியும்?

ஊரில் வாப்பாவுக்குச் சின்னப் பாத்திரக்கடை இருந்தது. பெருநாளுக்கு முதல்நாள் கடை வாசலிலேயே பித்ரா வாங்க ஆள் நிற்கும். இங்கே கடையில் மட்டைப் பெட்டிகளில் அரிசி வாங்கியாயிற்று. வாங்கத்தான் ஆள் இல்லை. ஊருக்குக் காசாக அனுப்பச் சொன்னார் உம்மா. வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற ஊரில்தான் கொடுக்க வேண்டும், அதுவும் சாப்பிடுகிற சாமானாகவே கொடுக்க வேண்டும் என்று நின்றார்.

எங்களைப் பார்க்க மாதம் ஒருமுறை நகரசபையிலிருந்து ஒரு பெண் வருவார். நகரசபையை நாங்களும் அவர்களைப் போலவே கொம்யூன் என்போம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கும், நெடிய, நல்ல மனுசி. வீட்டில் டேனிஷ் மொழி கொஞ்சமாவது தெரிந்தவள் நான் ஒருத்தி. அந்தக் கொஞ்சமும் வாய்க்கு வெளியே வராது.

"இந்த ஊரில ஏழையள் எங்க இருக்கினம் எண்டு கேளுங்கோ மகள்" என்றார் வாப்பா.

உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தார். இங்கே ஏழைகள் இல்லையே என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் பெரும் பங்கை வரியாகக் கட்டுகிறார்கள். நோயாளிக்கும், வயதானவருக்கும், வேலை இல்லாதவருக்கும், உங்களைப் போல வந்தவர்களுக்கும் அதிலிருந்து போகிறது. யார் கொடுத்தது யாருக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. யாருக்கு என்ன மதம் என்று நாங்கள் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை. அது அவரவர் வீட்டு விசயம்.

அவர் போன பிறகு வாப்பா வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது ஸக்காத்துத்தான், இருக்கிறவன் இல்லாதவனுக்குக் கட்டாயம் குடுக்கிற பங்கு. பேர்தான் வேற. அல்லாஹ்ட பேரைச் சொல்லாமலே செய்யுதுகள்" என்றார்.

"அப்ப உங்கட வேலையைக் கொம்யூன் எடுத்திட்டுது, மச்சான்" என்றார் மாமா. "நீங்க இனி வாங்கிற ஆள் மட்டும்தான்."

உம்மா மாமாவை முறைத்தார். வாப்பா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "வாங்கிறவனும் குடுக்கோணும், தம்பி. பெருநாளண்டு அவன்ர வீட்டில ஒருநாள் சாப்பாட்டுக்கு மேல ஒரு பிடி இருந்தால் அவனும் குடுக்கோணும். அதை ஆரும் எங்களிட்ட இருந்து எடுக்கேலாது."

அந்தக் கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் நாள் தேவாலயத்துப் பெண்கள் இருவர் ஒரு பெரிய பெட்டியோடு வாசலில் நின்றார்கள். ஏழைகள் எங்கே என்று நாங்கள் விசாரித்ததை, சொல்ல வெட்கப்பட்டு எங்களைப் பற்றியே சொல்கிறோம் என்று கொம்யூன் அம்மா விளங்கிக்கொண்டார் போலும். பெட்டிக்குள் மேல்சட்டைகள், குழந்தைச் சாமான்கள், நீலப்பூப் போட்ட தலையணை உறைகள். வாப்பா தான் நோன்பாக இருந்தும் அவர்களுக்குத் தேநீர் போடச் சொல்லி, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அன்று மாலை பெட்டியைப் பார்த்த மாமா, "பாத்தீங்களா, கடைசியில ஏழையைக் கண்டுபிடிச்சிட்டாங்கள்!" என்றார். உம்மா சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த தம்பி எழும்பிவிட்டான். வாப்பாவும் சிரித்தார். ஆனாலும் மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

எங்கள் தெருவின் முடிவில் ஒரு பூங்கா. அதற்கப்பால் படகுத்துறை. காலையில் ஒரு கிழவர் சைக்கிளில் வந்து, குப்பைத்தொட்டிகளில் கிடக்கும் வெறும் போத்தல்களைப் பொறுக்கிப் பையில் போடுவதை வாப்பா ஜன்னலால் பார்த்து வைத்திருந்தார். கடையில் திருப்பிக் கொடுத்தால் போத்தலுக்குச் சில்லறை தருவார்கள்.

"இவர்தான். கேளுங்கோ மகள்."

"வாப்பா, நான் மாட்டன்."

"வெக்கப்படுறதுக்கு இதில என்ன இருக்கு? நாங்கள் குடுக்கத்தானே வந்தனாங்கள்."

என் காது மடல் சுட்டது. என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். கிழவர் முதலில் என்னையும், பிறகு வாப்பாவின் தொப்பியையும் பார்த்தார். கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். தனக்குச் சொந்த வீடு இருக்கிறதென்றும், பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கத்தான் போத்தல் பொறுக்குவதென்றும் சொன்னார். அதன் பிறகு இன்னும் ஏதோ சொன்னார். எங்களைப் போல ஒருவன், இளம் ஆள், தனக்கு முன்னாலேயே விடியற்காலையில் வருகிறானாம். படகுத்துறைப் பக்கத்துப் போத்தல்களைத் தான் தொடாமல் அவனுக்கென்று விட்டுவிடுவாராம். சொல்லும்போது வாப்பாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, பிறகு அதே விரலால் படகுத்துறையைக் காட்டினார்.

"என்ன சொல்லுறார்?"

"தான் ஏழை இல்லையாம்."

"பிறகென்னவோ சொன்னாரே?"

"ஒண்டுமில்லை வாப்பா. வாங்கோ வீட்ட போவம்."

எனக்கு அங்கிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது. வாப்பா உடனே நகரவில்லை. கிழவர் விரல் காட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் வாப்பா தனியாக வெளியே போய்வந்தார். எங்கே போனார் என்று சொல்லவில்லை. அதன் பிறகு ஏழையைத் தேடும் பேச்சையே எடுக்கவில்லை. நான் தப்பித்தேன் என்று சந்தோசப்பட்டேன்.

பெருநாள் அடுத்த நாள் என்று துருக்கிக்காரர் சொல்லிவிட்டார்கள். அன்று மாலை, வெயில் இன்னும் சுவரில் இருக்க, வாப்பா நிலத்தில் துணி விரித்து அரிசிப் பெட்டிகளை உடைத்துக் கொட்டினார். தேவாலயத்தார் தந்த நீலப்பூத் தலையணை உறையை உம்மா விரித்துப் பிடித்தார். எண்ணுவது என் வேலை. மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ஆளில்லாமல் அள்ளுறீங்க மச்சான். எனக்குத் தாங்கோ. இந்த ஊரில ஏழை நான்தான்."

உம்மாவும் நானும் சிரித்தோம். வாப்பாவின் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீ நாலு இடம் போய்வாற ஆள். கஷ்டப்பட்ட ஆக்கள் ஆரும் உனக்குத் தெரிஞ்சால், விடியத் தொழுகைக்கு முன்னம் கொண்டுபோய்க் குடு. ஆரெண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து ஊருக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறதென்றும், பானைகூட இல்லாமல் இருக்கிறார்களென்றும் சொன்னார்.

"பிள்ளையள் எத்தனை?" என்று மட்டும் கேட்டார் வாப்பா.

"ஆறு."

"அப்ப இந்த அரிசி காணாது."

எங்கள் நாலு பேருக்குப் பதினாறு அள்ளு. நான் பதினாறு சொல்லி முடித்தேன். வாப்பா பதினேழாவது அள்ளினார். பதினெட்டு. இருபது. பெட்டிக்குள் கிடந்த மிச்சத்தையும் கொட்டி அள்ளினார்.

"வாப்பா, கணக்கு முடிஞ்சுது!"

"நீங்க எண்ணுறதை விடுங்கோ மகள்."

விடியக்காலையில் மாமா தலையணை உறையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனார். நேரத்தோடு தொழுகைக்கும் வந்து சேர்ந்தார். நோன்பு மேலே ஏறிவிட்டது என்று உம்மாவின் முகம் தெளிந்தது.

மூன்று கிழமை கழித்து மாமாவுக்குக் காய்ச்சல் என்று, உம்மா என்னிடம் இரசமும் கறியும் கொடுத்துவிட்டார். நான் மாமாவின் அறைக்குள் போனது அன்றுதான் முதல்தடவை. கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் நீலப்பூத் தலையணை உறை இருந்தது. பாதி அரிசி அதற்குள்ளேயே இருந்தது. அடுப்பில் ஒரு சட்டி வெறுஞ்சோறு. என் பார்வை போன இடத்தை மாமா பார்த்துவிட்டார்.

"வாப்பாட்டச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றார்.

நான் கறியை வைத்துவிட்டு ஓடிவந்தேன். வழியெல்லாம் அழுதேன். பானைகூட இல்லாத அந்த ஆறு பிள்ளைகளுக்காக அழுதேன். அவர்களுக்கு நான் பேர்கூட வைத்திருந்தேன். மாமா கள்ளன் என்று முடிவு கட்டினேன். வாப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் நோன்பெல்லாம் மறுபடி நடுவானுக்கு இறங்கிவிடும், வாப்பாவின் மனம் உடைந்துபோகும். அதனால் ஒரு வருடம் அதைத் தனியாகச் சுமந்தேன். மாமா வந்தால் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொள்வேன். கூச்சக்காரிதானே என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடமும் வாப்பா துணி விரித்தார். அதற்குள் மாமா ஒரு புதிய இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"அந்த ஆறு பிள்ளைக்காரர் எப்பிடி?" என்றார் வாப்பா.

"இப்ப நல்லா இருக்கினம் மச்சான். வேலை கிடைச்சிட்டுது. இந்த முறை தாங்களே குடுக்கினமாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவர், வேறொன்றும் கேட்கவில்லை. மாமா குனிந்து தன்னுடைய நாலு அள்ளையும் தானே அள்ளிப் போட்டார். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் எப்படிப் பொய் சொல்கிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கலியாணமாகிப் பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஒருநாள் உம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த நோன்புக்கு முந்திய பனிக்காலத்திலேயே தொழிற்சாலையில் மாமாவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்களாம். கொம்யூனில் போய்க் கேட்டால் தந்திருப்பார்கள். கை நீட்ட வெட்கப்பட்டு, தினமும் காலையில் வேலைக்குப் போகிறவரைப் போலச் சைக்கிளில் புறப்பட்டுப் போவாராம். எங்கே போனார் என்று உம்மாவுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். கிழவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான்தான் வாப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த விரல் காட்டிய திசையை வாப்பா பார்த்தார். மறுநாள் விடியலில் போய், தன் மச்சான் போத்தல் பொறுக்குவதைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் திரும்பி வந்திருக்கிறார்.

வாப்பாவும் மாமாவும் இன்று இல்லை. இரண்டு பேரும் கடைசிவரை ஒருவரிடம் ஒருவர் அதைப் பேசியதில்லை. இல்லாத ஆறு பிள்ளைகளை மாமா உண்டாக்கினார். வாப்பா அவர்களுக்கு அள்ளி அள்ளிப் போட்டார். அன்று அந்த அறையில் யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்று தெரியாமல், அரிசியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.