பானெட்டில் உட்கார்ந்த வண்டு

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அவரைப் பட்டறைத் தெருவில் எல்லாரும் ‘கலர்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். எந்த நிறத்தையும் ஒரு பார்வையில் எடைபோட்டு, டப்பாக்களைக் கலந்து, அச்சு அசலாக அதையே எடுத்துவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சரக்கு இருக்கிற தலைதானே கனக்கும்!

ஆனால் அவருடைய அப்பாவுக்கு இதே வயதில்தான் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. அந்தப் பயம் இவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு காலையில், பிரைமர் என்ற அடிப்பூச்சு மட்டும் அடித்துக் காயவைத்திருந்த சாம்பல் நிற கார் பானெட்டில் ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. விரட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சை! சும்மா பச்சையா அது? அடியாழத்திலிருந்து வெளிச்சம் கிளம்பி வருகிற பச்சை. முதுகு ஓடு இரண்டும் நடுக்கோட்டில் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன; எந்தக் காரின் கதவும் இவ்வளவு சுத்தமாக மூடி அவர் பார்த்ததில்லை. காலில் ரம்பப் பற்கள். மீசை நுனியில் சின்னஞ்சிறு விசிறி ஒன்று விரிந்து விரிந்து மூடியது.

இன்னும் கிட்டத்தில் பார்க்கலாமென்று பக்கவாட்டில் குனிந்தார். வண்டு செம்புக் குடம்போலச் சிவந்திருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், சிவப்புதான். அப்பாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது, பிழைப்பு போச்சு என்று வெலவெலத்துப்போய், பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க வா! இது என்ன கலர், சொல்லு!”

அவள் எதிர்ப்பக்கம் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். “பச்சை. இதுக்கா இந்தக் கத்து கத்துனீங்க?” என்று சிரித்தாள்.

“செவப்புடி! எனக்குச் செவப்பாத் தெரியுதுடி!”

அவர் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. சுற்றி வந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவரைப்போலவே குனிந்தாள்.

“ஐயையோ! ஆமாங்க... செவப்பு!” நிமிர்ந்தாள். “இப்பப் பச்சை!”

இருவரும் கிறுக்குப் பிடித்தவர்கள்போல மாறி மாறிக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண் போகவில்லை. வண்டுதான் அப்படி!

வண்டு முதுகு ஓட்டைத் திறக்கக்கூட இல்லை. ஓரத்து இடுக்கு வழியாகச் சிறகை நீட்டி, விர்ரென்று பறந்துபோனது. இருவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

“இந்தக் கலரை உங்களால கலக்க முடியுமா?” என்று கேட்டாள்.

எந்த வாடிக்கையாளரிடமும் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“சத்தியமா முடியாது” என்றார், முகமெல்லாம் பல்லாக.