மாப்பிள்ளை தள்ளிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு காரைத் தள்ளினேன்.

சிரிக்காதீர்கள். நான் மட்டும் தள்ளவில்லை. பக்கத்தில் பட்டுச் சட்டையும் வேட்டியுமாக மாப்பிள்ளைப் பையனும் தள்ளினான். பெண் பார்க்கப் போகிற வழியில்!

பையன் என் அக்கா மகன் முரளி. வீடு ஆந்திராவில் இருக்கிற புத்தூரில், வேலை திருப்பதியில். தினமும் பைக்கில் போய் வந்துகொண்டிருந்தான். பெட்ரோல் விலை ஏற ஏற, வாரத்தில் பாதி நாள் பஸ் என்று ஆனது. இப்போது முழு வாரமும் பஸ்தான். பைக் வாசலில் கவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

இதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால், முன்பு பார்த்த ஒரு பெண் வீட்டார், “பைக் வெச்சுக்கினு பஸ்ல போற பையனாமே” என்று சொல்லி நழுவிவிட்டார்கள். அக்காவுக்கு அது ஆறவே இல்லை. முரளி வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால், அடுத்த வரன் வந்தபோது, “இன்னும் கொஞ்ச நாள் போவட்டுமேம்மா” என்றான். அவன் குரலே ஒரு மாதிரி இருந்தது.

அதனால்தான் இந்த முறை பெண் வீடு இருக்கிற சத்தியவேட்டுக்குச் சொந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள்.

“சரே! கார்லயே போலாம்” என்றார் மாமா. அக்காவின் கணவர் தணிகாசலம். காரை வாங்கியதே துடைப்பதற்குத்தான் என்று நினைக்கிற மனுஷர்.

புத்தூரிலிருந்து சத்தியவேட்டுக்கு நாகலாபுரம் வழியாகப் போனால், நடுவில் ஊத்துக்கோட்டை வரும். அது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் மறுபடி ஆந்திரா. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை... பார்டருக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. ஒரு லிட்டரில் மிச்சம் பிடிப்பது ஒரு காபிக்காவது ஆகும்.

புறப்படும்போதே முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது.

“மாமா, இங்கயே கொஞ்சம் போட்டுக்கலாமே?” என்றேன்.

“நீ சும்மா வாம்மா. இந்த வண்டிய எனக்குத் தெரியும். பார்டர் தாண்டி டேங்க் ஃபுல் பண்ணிக்கலாம்.”

ஏசி கிடையாது. “ஏசி போட்டா பெட்ரோல் துன்னும்” என்றார். ஜன்னலைத் திறந்தோம். “ஜன்னல் தொறந்தா காத்து வண்டிய இழுக்கும்” என்றார். மூடினோம். அக்கா மடியில் பழத்தட்டு, மல்லிகைப்பூ. எல்லோரும் அவிந்துகொண்டு போனோம்.

சுருட்டப்பள்ளி கோயிலைத் தாண்டினதும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. இன்னொரு குலுக்கு. அப்புறம் மௌனம்.

“ஐயய்யோ... இன்னாங்க ஆச்சு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல. ரெஸ்ட் எடுக்குது.”

முரளி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

காரில் போகும்போது சமமாகத் தெரிகிற ரோடு, தள்ளும்போது மேடாக இருக்கிறது. யாராவது கவனித்திருக்கிறீர்களா? மாமா ஸ்டீரிங்கில். அக்கா இறங்கவில்லை. “பூ வாடிடும்” என்றாள். பூவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமாம்! நானும் முரளியும் தள்ளினோம். மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டி, “அப்டித்தான்... இன்னும் கொஞ்சம்... வருது வருது” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே வந்தார். முரளி தள்ளத் தள்ளச் சிரித்தான். அவன் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வர, கையில் இருந்த பலமெல்லாம் போய் கார் நின்றேவிட்டது.

செக்போஸ்ட்டில் இருந்த கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

“பெட்ரோல் போட வந்தீங்களா?”

“ஆமா சார்.”

“அதானே பார்த்தேன். ஆந்திரா வண்டின்னா இங்க வந்துதான் மூச்சு விடும். தள்ளுங்க தள்ளுங்க, பங்க் பக்கம்தான்.” அவரும் ஒரு கை கொடுத்தார்.

இப்படியாக நாங்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் காரைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம்.

பங்கில் பெரிய கியூ. பாதி வண்டி எங்கள் ஊர் நம்பர். எங்களுக்கு முன்னால் ஒரு பைக்கில் ஒரு பெரியவர். அவருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண் – தலையில் கிளிப், கழுவியும் போகாத கடலைமாவு காதோரம்.

அக்கா காருக்குள்ளிருந்து என் கையைக் கிள்ளினாள். “ஏய்... அந்தப் பொண்ணப் பாருடி!”

தரகர் அனுப்பிய போட்டோவில் பார்த்த அதே முகம். ஹேமலதா! நாங்கள் பார்க்கப் போகிற பெண்! பைக்கில் இருப்பவர் அவள் அப்பா முனிரத்தினம்.

அதே நேரத்தில் அவரும் மாமாவைப் பார்த்துவிட்டார். அவர் போனுக்கும் எங்கள் குடும்பப் போட்டோ போயிருக்குமே.

“வாங்க வாங்க...” என்று தடுமாறினார். “நாங்க சும்மா... பூ வாங்கலாம்னு வந்தோம்.” அவர் டேங்கில் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது.

மாமா விடுவாரா? “நாங்களும் சும்மாதான். டயருக்குக் காத்து புடிக்கலாம்னு...” என்றார்.

முரளி காருக்குப் பின்னால் குனிந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் நிமிர்ந்தான். அவள் திரும்பினாள். போச்சு... இந்த வரனும் போச்சு!

“எங்கேருந்து தள்ளிக்கினு வரீங்க?” என்றாள்.

“சுருட்டப்பள்ளி தாண்டி.”

“அப்போ மைலேஜ் நல்லாத்தான் குடுக்குறீங்க” என்றாள்.

அப்புறம் அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு முரளி. முனிரத்தினம் பைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நைனா, என் ஸ்கூட்டருக்கு அப்புறம் போட்டுக்கலாம். அவங்க வண்டி நின்னே போச்சு. மொதல்ல அவங்க போடட்டும்” என்றாள் ஹேமா.

“இல்லம்மா, நீங்க போடுங்க” என்றார் மாமா.

“அதெப்படி, நீங்க எங்க வூட்டுக்கு வர்றவங்க...”

“யாராவது ஒருத்தர் போடுங்க சார்!” என்று பங்க் பையன் கத்தினான். பின்னால் ஹார்ன் மழை.

முனிரத்தினம் கிளம்பும்போது மாமாவின் காதருகே வந்தார். “ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போய் ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறோம். எங்க வூட்டுக்காரிக்கு இது தெரிஞ்சா மானம் போயிடும்!”

சொன்னபடியே நின்றார். கும்பிட்டு வரவேற்றார். ஹேமா பட்டுப்புடவையில் தலைகுனிந்து காபி கொண்டுவந்தாள் – அடேயப்பா, என்ன நடிப்பு! எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றும் அறியாத அவள் அம்மா, “வழியில எதுவும் கஷ்டம் இல்லியே?” என்று அக்கறையாகக் கேட்கிற வரைக்கும். முரளிக்குக் காபி மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த அம்மா மட்டும் திருதிருவென்று விழித்தார்.

மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. நான் ஹேமாவிடம் தனியாகக் கேட்டேன், “இன்னாம்மா புடிச்சுது எங்க பையன்கிட்ட?”

“அந்த வெயில்ல வண்டியத் தள்ளிக்கினு வந்தாரு சின்னம்மா. ஏன் பெட்ரோல் போடலன்னு அவங்க நைனாவ ஒரு வார்த்த கேக்கல. சிரிச்சுக்கினே இருந்தாரு. அதான்.”

பஸ்ஸில் போவதைப் பற்றி? அவளும் வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறாளாம். ஸ்கூட்டர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமாம்!

விலை ஏறும்போதெல்லாம் நாம் ரகசியமாகச் சிக்கனம் பிடிக்கிறோம். ஏசியை அணைக்கிறோம், பைக்கைப் போர்த்தி வைக்கிறோம், அடுத்தவருக்குத் தெரிந்தால் கௌரவம் என்னாவது என்று பயப்படுகிறோம். அந்த அடுத்தவர் எங்கே இருக்கிறார்? நமக்கு முன்னால் அதே கியூவில் நிற்கிறார்.

கல்யாண மண்டபம் எங்கே என்பதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம்கூட வரவில்லை. ஊத்துக்கோட்டைதான் – வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, அப்படியே டேங்கையும் நிரப்பிக்கொண்டு போகலாமாம்!