ஓட்டத்துக்கு முன்னால் ஒரு டம்ளர்

காபிக் கடைக்காரி காபி மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால், அவர்கள் கடை மைதானத்துக்கு எதிரே இல்லை என்று அர்த்தம். எங்கள் கடை மன்னார்குடியில் அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறது. நான் பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டேன். படிப்பு வரவில்லை, அதில் சோகம் ஒன்றும் கிடையாது. அம்மா வடை போடுவாள், நான் காபி ஆற்றுவேன். அப்பா குவைத்தில்.

விடியற்காலை வாடிக்கையெல்லாம் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிற பையன்கள். அதில் ஒருவன் என் அண்ணன் ஆரோக்கியம். எழுத்துத் தேர்வு, கயிறு ஏறுவது எல்லாம் அவனுக்குச் சுலபம். ஆயிரத்தைந்நூறு மீட்டர்தான் தகராறு. கடைசி ரவுண்டில் கால் செத்துவிடும். வயது வரம்பில் இது அவனுக்குக் கடைசி வாய்ப்பு. தவறினால் அப்பா வாங்கி வைத்திருக்கிற விசாவில் அவனும் குவைத். இந்தக் கவலையோடு பால் பொங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடை வைத்திருக்கிறவர்களுக்குப் புரியும்.

மிலிட்டரி மாமா சொன்ன மருந்து

பையன்களுக்குச் சும்மாவே பயிற்சி கொடுப்பவர் ரிட்டயர்டு ராணுவக்காரர். எல்லாருக்கும் மிலிட்டரி மாமா. ஒருநாள் கடையில் உட்கார்ந்து, "ஓடுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பால் இல்லாத காபி ஒரு டம்ளர் குடிங்கடா, களைப்பு சீக்கிரம் தெரியாது" என்றார். மறுநாள் அத்தனை பேரும் கறுப்புக் காபி கேட்டார்கள். காபி காதில் விழுந்தது, ஒரு மணி நேரம் விழவில்லை. மடக்கென்று குடித்துவிட்டு உடனே ஓடினார்கள். வழக்கம்போல மூச்சு வாங்கினார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்த ஒருவன் கொஞ்ச நேரத்தில் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தான். "தங்கச்சி, ஓடுறப்ப ஒண்ணும் தெரியல. இப்ப படுத்தா கட்டில் ஓடுது."

சொம்பில் கேட்டவன்

ஒரு டம்ளர் நல்லது என்றால் ஒரு சொம்பு இன்னும் நல்லது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. உரத்தையும் வயலுக்கு இப்படித்தான் போடுகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஒருத்தன் சொம்பில் டிகாஷன் வாங்கிக் குடித்தான். அன்றைக்கு ஓட்டம் இல்லை, கயிறு ஏறுவது. பாதிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினான். கீழேயிருந்து மாமா, "ஏண்டா ஆடுற?" என்று அதட்டினார். எங்கள் கடை வரைக்கும் பதில் கேட்டது: "நான் சும்மாதான் மாமா இருக்கேன், கயிறுதான் ஆடுது."

நாலு கால் வாடிக்கை

பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் தூக்குவாளியோடு வந்து, "இது நெறைய டிகாஷன் ஊத்து பாப்பா" என்றார். வீட்டில் விசேஷமா என்று கேட்டேன். ரேக்ளா பந்தயத்துக்கு மாடு பழக்குகிறாராம். பையன்கள் குடித்துவிட்டு ஓடுவதைப் பார்த்தாராம். அம்மா, வியாபாரம் வியாபாரம்தான் என்று ஊற்றிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் வாளி நிறைந்தபடியே திரும்பி வந்தது. "மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு பாப்பா. தவிட்டுத் தண்ணி குடிக்கிற மாடு அது, அதுக்கே உன் காபி புடிக்கல."

தஞ்சாவூரில் அந்தக் காலை

மாமா சொன்னதைச் சொன்னபடி கேட்டவன் அண்ணன் ஒருத்தன்தான். ஒரு டம்ளர், ஒரு மணி நேரம் பொறுமை. கடைசி ரவுண்டில் கால் கொஞ்சம் உயிரோடு இருந்தது. அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள்.

செலக்‌ஷன் தஞ்சாவூரில். ஃபிளாஸ்கோடு நாங்களும் மாமாவும் போனோம். கேட் திறக்க நேரமானது. வரிசை நகராத ஒவ்வொரு தடவையும், குடித்தது வீணாகிவிட்டது என்று அம்மா இன்னொரு டம்ளர் நீட்டினாள். "போதும்மா" என்றேன். "வாயை மூடு, அவன் குவைத்து போறதுக்கா பெத்தேன்" என்றாள். அண்ணனும் பயத்தில் நாலு டம்ளரையும் குடித்தான். உள்ளே போனதும் உயரம், மார்பளவு, சான்றிதழ் என்று மறுபடி வரிசை. வரிசையை விட்டு விலகினால் வாய்ப்புப் போய்விடும். ஓட்டம் கடைசியில்.

கம்பி வேலி வழியாகப் பார்த்தோம். முகத்தைக் கோணிக்கொண்டுதான் அண்ணன் கிளம்பினான். கடைசி ரவுண்டில் மற்றவர்கள் தளர, இவன் மட்டும் பேய் துரத்துகிற மாதிரி வந்தான். கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. அதிகாரி விசில் ஊத ஊத, மைதானத்து மூலையிலிருந்த கழிப்பறைக்குள் போய்த்தான் நின்றான்.

தேறிவிட்டான். மாமா கட்டிப்பிடித்து, "பார்த்தியா, காபி கால்ல நின்னுச்சா?" என்றார். அண்ணன் அடங்கின குரலில் சொன்னான்: "கால் எப்பவும்போல செத்துதான் மாமா போச்சு. ஆனா அவ்வளவு பக்கத்துல கக்கூஸ் தெரியிறப்ப நிக்கவா முடியும்?"

மாமா காபி என்கிறார், அம்மா மாதா என்கிறாள், அண்ணன் பேச்சை மாற்றிவிடுகிறான். நானோ இப்போதெல்லாம் "ஆரோக்கியம் அண்ணன் குடிச்ச அளவு" என்று கேட்டு வருகிறவனுக்கு நாலு டம்ளர் ஊற்றிக் கொடுத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்.