காட்டுபாவாவுக்குப் போக ஒரு கார், திரும்ப ஒரு கார்

காலை 8.10க்குத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பேருந்து கிளம்பியது. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களுக்கு விமானம். உடுமலைப்பேட்டையிலிருந்து மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட்ட பதினெட்டுப் பேரில் நானும் என் அக்கா ஜைனபும் இருந்தோம். குழு திருச்சியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தது. இடையில் கிடைத்த ஒரு பகலில் காட்டுபாவா பள்ளிவாசலுக்குப் போய், அங்கே அடங்கியிருக்கும் பெரியவரின் சமாதியில் ஜியாரத் செய்துவிட்டு வந்தே தீர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். காலமான மச்சானும் அவளும் வருஷம் தவறாமல் வந்த தர்கா அது. "மக்காவுக்குப் போறதா இருந்தா காட்டுபாவாவுல ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போகணும்பாரு அவரு" என்றாள். தர்காக்களுக்குப் போவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. முழங்கால் வலியுள்ளவளைத் தனியாக அனுப்ப முடியாமல் கூடக் கிளம்பினேன்.

முந்தின நாள் மாலை குழுத் தலைவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கையில் கொடுத்துவிட்டு, மக்காவிலும் ஜித்தாவிலும் டாக்சிக்காரர்களிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று அரை மணி நேரம் பேசியிருந்தார். நான் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறவள். யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வது பழக்கம். தானாக வந்து கூப்பிடுகிறவர் காரில் ஏறக் கூடாது. வாடகையை முதலில் பேச வேண்டும். வண்டி எண்ணைக் குறிக்க வேண்டும். நம் போன் நம்பரைக் கொடுக்கக் கூடாது. வழி மாறினால் உடனே கேட்க வேண்டும். விடுதி அறையின் தாழ்ப்பாள் சரியில்லாததால் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கீரனூரில் பேருந்து நின்று, கல்லூரிப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் திருச்சி வண்டிக்கு முண்டியடித்தபோதும் என் கை அந்தப் பையின் மேல்தான் இருந்தது.

9.40. புதுக்கோட்டைப் பேருந்து நிலையம். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால், அக்காவின் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, வேட்டி.

"காட்டுபாவாவுக்குத்தானே? வாங்கம்மா, கார் இருக்கு. கொண்டுபோய் விட்டு, இருந்து கூட்டியாந்துர்றேன்."

தானாக வந்து கூப்பிட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா, "எவ்வளவு தரணும்?" என்று கேட்டுவிட்டாள். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது, காத்திருப்போடு 1200 ரூபாய் என்றார். 900 என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "டீசல் வெலையும் ஒங்களுக்குத் தெரியும்ல" என்றார். கடைசியில் 1200க்கே ஒத்துக்கொண்டேன். பேரம் பேசியதில் வண்டி எண்ணைக் குறிக்க மறந்துபோனேன். வெள்ளைக் கார் என்பது மட்டும் மனதில் இருந்தது. முறுக்கும் தண்ணீர்ப் பாட்டிலும் வைத்திருந்த துணிப்பையை அவர் வாங்கிப் பின்னால் டிக்கியில் வைத்தார். முறுக்குதானே என்று விட்டுவிட்டேன். கைப்பை என் மடியில் இருந்தது.

ஊரைத் தாண்டிப் போக வேண்டிய கார் கீழராஜ வீதிக்குள் திரும்பியது.

"இது வழி இல்லையே?"

"ரெண்டே நிமிசம்மா. கீரமங்கலத்துலேர்ந்து பூ வந்திருக்கு. காட்டுபாவா பூக்கடைக்குக் குடுத்துவிடணும்" என்றார். ஈரம் சொட்டும் மல்லிகை மூட்டை டிக்கியில் ஏறியது. நமணசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பாலம் வேலை நடப்பதாகச் சொல்லி ஒரு கிளைச் சாலையில் திருப்பினார். என் கைபேசியின் வரைபடம் திரும்பு, திரும்பு என்று கத்திக்கொண்டே இருந்தது. இருபுறமும் தைல மரக்காடு. ஒரு மனிதர் கண்ணில் படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் மகனுக்கு இருக்குமிடத்தை அனுப்பினேன். அக்கா நிம்மதியாகத் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் கார் மறுபடியும் பெரிய சாலையில் ஏறியது. எதிரே திருமயம் கோட்டை பாறைமேல் தெரிந்தது. சரியான வழியில்தான் வந்திருக்கிறோம். ஆனால் நிம்மதி வருவதற்குப் பதிலாக, இவர் ஏன் என்னைப் பயமுறுத்தினார் என்று கோபம் வந்தது. அவர் பயமுறுத்தவே இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

10.55. காட்டுபாவா பள்ளிவாசல். வாசலில் சாம்பிராணி வாசம். சர்க்கரையும் பூவும் தட்டில் ஏந்திக்கொண்டு பொட்டு வைத்த பெண்களும் முக்காடு போட்ட பெண்களும் ஒரே வரிசையில் போனார்கள். ஓட்டுநர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பூக்கடைக்குப் போனார். அக்கா மெல்ல நடந்து, கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குழாயடிக்குப் போய்விட்டாள். நான் மட்டும் காருக்குப் பக்கத்தில் நின்றேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் அருகில் வந்தார்.

"மேடம், இவருக்கு எவ்வளவு பேசினீங்க?"

சொன்னேன். உச்சுக் கொட்டினார். "வெளியூர்னு தெரிஞ்சா இப்புடித்தான். திரும்பிப் போறப்ப வெயிட்டிங்னு தனியா ஐநூறு கேப்பாரு, பாருங்க. நானும் டாக்சிதான். ஐநூறுக்குப் புதுக்கோட்டைல எறக்கி விட்டுர்றேன்."

எழுதிவைத்த விதிகளில் இரண்டை இந்த ஓட்டுநர் மீறியிருந்தார் என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். அவர் திரும்பி வந்ததும் எழுநூறு ரூபாயை நீட்டினேன். "நீங்க கிளம்புங்க. நாங்க வேற மாதிரி போய்க்குறோம்."

அவர் பணத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கட்டம் போட்ட சட்டையைப் பார்த்தார். "நான் ஏதும் தப்பாப் பேசிட்டனாம்மா?"

"ஒண்ணுமில்ல. கிளம்புங்க."

பணத்தை வாங்கிக்கொண்டு நேராகக் காரை எடுத்துப் போய்விட்டார்.

12.20. துஆ கேட்டு, வேண்டுதலை முடித்து வெளியே வந்த அக்காவின் முகம் தெளிந்திருந்தது. "கார் எங்கடி?" என்றாள். அனுப்பிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாஸ்போர்ட்டு அதுலல்ல இருக்கு!"

இல்லை, என்னிடம் இருக்கிறது என்று கைப்பையைத் திறந்தேன். சீப்பு, மாத்திரை, ஆதார் நகல். திரும்பத் திரும்பத் துழாவினேன். நான் கழிப்பறைக்குப் போனபோது அக்காவிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். திருடுகிறவன் கைப்பையைத்தான் பிடுங்குவான் என்று, அவள் இரண்டையும் எடுத்து முறுக்கு இருந்த துணிப்பைக்குள் அடியில் சொருகியிருக்கிறாள். கார் எப்படியும் காத்திருக்கும் என்பதால் என்னிடம் சொல்லவும் இல்லை. வழிநெடுக நான் காவல் காத்தது ஒரு சீப்பை.

மறுநாள் காலை பத்து மணி. மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பயணம். ஓட்டுநரின் பெயர் தெரியாது, நம்பர் தெரியாது, வண்டி எண் தெரியாது. ஓடிப்போய்ப் பூக்கடைப் பெண்ணைக் கேட்டேன். அவர் உடனே போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டு முறை, மூன்று முறை. "இப்புடி எடுக்காம இருக்க மாட்டாரேக்கா" என்று அவரும் விழித்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போலீசில் சொல்ல வேண்டுமா என்று அண்ணன் மகனைப் போனில் கேட்டேன். எந்த ஸ்டேஷனில், யார் மேல் என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கட்டம் போட்ட சட்டைக்காரர் மறுபடி வந்தார். "அவரா? காரைக்குடிப் பக்கம் சவாரி இருக்குன்னு சொன்னாரே. ஏறுங்க, பிடிச்சுறலாம். ரெண்டாயிரம் ஆகும். ஆயிரத்த இப்பக் குடுங்க, டீசல் போடணும்."

கொடுத்தேன். அக்கா அதற்குள் பூக்கடைப் பெண்ணிடம் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கேட்கவில்லை.

1.05. திருமயத்தைத் தாண்டிக் காரைக்குடிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அக்காவின் போன் அடித்தது. பூக்கடைப் பெண். வண்டிச் சத்தத்தில் அரைகுறையாகத்தான் கேட்டது. "அக்கா, பை அவருகிட்டதான் இருக்கு. திருமயத்துல டீக்கடைல நிக்கிறாரு. அங்கிட்டு வரச் சொன்னாரு."

நான் அழுதே விட்டேன். முன்னால் இருந்தவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"மேடம், நம்பாதீங்க. காசு பறிக்கத்தான் கூப்புடுறாங்க. அந்தப் பூக்காரம்மாவுக்கும் பங்கு உண்டு. நாம போலீஸ் மூலமாப் போவோம், காரைக்குடில எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு."

அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. அந்தப் பெண் சொன்னதும் சரியாகப் பட்டது. அன்று காலையிலிருந்து என் தலைக்குள் யாரோ எல்லா வழிகாட்டிப் பலகைகளையும் திருப்பி வைத்த மாதிரி இருந்தது. இந்த மனிதர் மரியாதையாகப் பேசினார். அக்காவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், கதவைத் திறந்துவிட்டார். முதல் ஓட்டுநர் அதில் எதையும் செய்யவில்லை. ஆனால் அவர் காரைக்குடி பற்றிப் பேசி நான் கேட்கவே இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு நேராகப் போனவர், யாரிடம் நின்று சவாரி பற்றிச் சொன்னார்?

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. "நாங்க எறங்கிக்கறோம்."

நிறுத்தினார். ஆயிரத்தில் மீதி கேட்டபோது, வந்த தூரத்துக்கே சரியாகிவிட்டது என்றார். அக்கா இறங்க முழங்கையைப் பிடித்து உதவிவிட்டுத்தான் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்னும் முழு தைரியம் வரவில்லை. ஆனால் அந்த ஆயிரம் போனது போனதுதான். எதிரே வந்த டவுன் பஸ்ஸில் ஏறித் திருமயம் திரும்பினோம்.

1.50. கோட்டைக்கு எதிரே உள்ள டீக்கடை. ஓட்டுநர் கையெல்லாம் கிரீஸாக நின்றுகொண்டிருந்தார். திரும்பும் வழியில் பஞ்சர். டிக்கியிலிருந்து ஸ்டெப்னி டயரை எடுக்கும்போதுதான் பையைப் பார்த்திருக்கிறார். போன் காருக்குள் இருந்ததால் மணி அடித்தது கேட்கவில்லை. பை டீக்கடை மேசைமேல், நாலு பேர் பார்க்க இருந்தது.

"எடுத்துப் பாருங்கம்மா. எல்லாம் இருக்கான்னு எண்ணிச் சொல்லுங்க."

பார்த்தேன். இரண்டும் இருந்தன. ஏன் நேராகத் தர்காவுக்கே கொண்டுவரவில்லை என்று கேட்டேன். குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டேன்.

"பாஸ்போர்ட்டப் பாத்ததும் பயம் வந்துருச்சும்மா. ஏற்கெனவே என்னையத் தொரத்திவிட்டீங்க. களவாண்டுட்டேன்னு போலீசுக்குச் சொல்லியிருந்தா? இத எடுத்துக்கிட்டு நான் வண்டில வர்றப்பப் பிடிச்சா என்ன சொல்லுவேன்? அதான் இங்கயே எல்லாரு முன்னாலயும் வச்சுட்டு பூக்காரம்மாவக் கூப்பிட்டேன்."

காலையிலிருந்து நான் அவருக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவர் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அனுப்புனதுல ஒண்ணும் வருத்தமில்ல" என்றார். "ஏன்னு சொல்லாம அனுப்புனீங்க பாருங்க, அதான்." பிறகு கைபேசியை எடுத்து, "தப்பா நெனக்காதீங்க. பாஸ்போர்ட்ட கைல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நில்லுங்க. குடுத்துட்டேன்னு எனக்கும் ஒரு அத்தாட்சி வேணும்ல" என்றார். கோட்டை பின்னால் தெரிய, பறிகொடுத்தவர்களாகவும் இல்லாமல் மீட்டெடுத்தவர்களாகவும் இல்லாமல் நானும் அக்காவும் வெயிலில் நின்றோம்.

பேசிய 1200இல் மீதி ஐந்நூறை வாங்கிக்கொண்டு புதுக்கோட்டையில் இறக்கிவிட்டார். அதற்குமேல் கொடுத்ததை வாங்கவில்லை. இறங்கும்போதுதான் பெயரைக் கேட்டேன். செல்வராசு என்றார்.

ஊரில் நாங்கள் கிளம்பியபோது தெருவே வந்து தங்களுக்காகத் துஆ செய்யச் சொல்லியிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை, மகனுக்கு வேலை, சர்க்கரை குறைய, வீட்டுக் கடன் அடைய. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மக்காவில் கஅபாவுக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து முடித்தேன். அதன் பிறகும் ஏந்திய கை தாழவில்லை. செல்வராசு எதுவும் கேட்டிருக்கவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைகள் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. வேண்டினேனா, மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போதும் தெளிவில்லை. பெயரை மட்டும் சொன்னேன்.